பழைய பொம்மை பிள்ளையின் வாய்க்குப் போகும் முன்: வீட்டிலேயே கழுவிக் கிருமி நீக்கும் முறை

அக்காள் பிள்ளை ஆட்டிய கிலுகிலுப்பை, சித்தி வீட்டிலிருந்து வந்த கரடி பொம்மை, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் அப்பா அங்குள்ள நண்பர் வீட்டிலிருந்து கொண்டுவந்த கட்டைகள், பண்டல் கடையிலோ ஜொகூர் பாரு பசார் காராட்டிலோ சில ரிங்கிட்டுக்கு வாங்கிய பிளாஸ்டிக் கார். ஜொகூரில் பல வீடுகளின் பொம்மைக் கூடையில் இப்படி வேறொரு குழந்தை விளையாடி முடித்தவை இருக்கும். இதில் குறைபட ஒன்றுமில்லை. தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்த காலத்திலும் ஒரே விளையாட்டுச் சாமான்தான் பல பிள்ளைகளின் கை மாறியது. விலைவாசி ஏறியிருக்கும் இந்நாளில் நல்ல பொம்மையைக் குப்பையில் போடுவதைவிட அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பதே சிறப்பு.

ஆனால், வாங்கியவுடன் துணியால் ஒரு துடை, கொஞ்ச நேரம் வெயில், ஒரு மூடி டெட்டால் என்று முடித்துக்கொள்ளும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும் பொம்மையிலும் குழந்தையை மருத்துவமனைக்கு அனுப்பக்கூடிய கிருமி இருக்கலாம். அதை நீக்கப் பெரிய செலவு தேவையில்லை. பாத்திரம் கழுவும் சோப்பு, தண்ணீர், குளோரோக்ஸ் போன்ற வெளுப்பான் ஆகிய மூன்றும் போதும். எதை முதலில் செய்வது, எவ்வளவு கலப்பது, எதைத் தூக்கிப் போடுவது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

ஏன் இவ்வளவு கவனம்?

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அடிக்கடி தாக்குவது எச்.எஃப்.எம்.டி. எனப்படும் கை, கால், வாய்ப்புண் நோய். காய்ச்சல், வாயில் புண், உள்ளங்கையிலும் பாதத்திலும் சில வேளை பிட்டத்திலும் கொப்புளம் ஆகியவை இதன் அடையாளங்கள். பெரும்பாலான குழந்தைகள் 7 முதல் 10 நாட்களில் குணமடைந்து விடுகின்றனர். ஆனால் எல்லா நேரத்திலும் இது சாதாரண நோயாக இருந்துவிடுவதில்லை. 1997ஆம் ஆண்டு சரவாக்கில் எண்டரோவைரஸ் 71 என்ற கிருமியால் இந்நோய் பரவியபோது ஏறக்குறைய 30 குழந்தைகள் உயிரிழந்தனர். 2018இல் நாடு முழுவதும் 70,000க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் கண்டது. 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் மருத்துவர்கள் சுகாதார அமைச்சிடம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் இதுவும் ஒன்று.

எச்சில், சளி, கொப்புள நீர், மலம் ஆகியவற்றின் வழி இக்கிருமி பரவுகிறது. குழந்தை ஒரு பொம்மையைக் கையில் எடுத்தால் அது அடுத்து போவது வாய்க்குத்தான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நோய் குணமான பிறகும் சில வாரங்களுக்கு அக்குழந்தையின் மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். ஆகவே, "அந்தப் பிள்ளைக்கு இப்போது ஒன்றுமில்லையே" என்பது அந்தப் பொம்மை சுத்தமானது என்பதற்குச் சான்றாகாது.

பழக்கமான வழிகள் ஏன் போதவில்லை?

எண்டரோவைரஸ் வகைக் கிருமிகளைச் சுற்றிக் கொழுப்பு உறை கிடையாது. சளிக்காய்ச்சல், கோவிட் கிருமிகளுக்கு அந்த உறை உண்டு. அவ்வுறையைக் கரைத்துத்தான் கை சானிடைசரில் உள்ள ஆல்கஹால் அவற்றை எளிதில் அழிக்கிறது. உறையே இல்லாத கிருமியிடம் சானிடைசரின் வேகம் குறைவு.

டெட்டாலின் மணம் வந்தால் கிருமி செத்துவிட்டது என்று நினைப்பதும் தவறு. அதிலுள்ள குளோரோசைலினால் பல பாக்டீரியாக்களுக்கு எதிராக நன்கு வேலை செய்யும். உறை இல்லாத வைரஸ்களுக்கு அதை நம்ப முடியாது. மேலும், குழந்தை வாயில் வைக்கும் பொருளில் அதன் படிவு தங்குவதும் நல்லதல்ல.

வினிகர், எலுமிச்சை என்ன செய்யும்? இந்தக் கிருமி வாய் வழியாகப் போய், வயிற்றிலுள்ள அமிலத்தைத் தாண்டித்தான் குடலில் பெருகுகிறது. வயிற்றமிலத்துக்கே அசையாத கிருமி சமையலறை வினிகருக்கு அடங்காது.

வெயிலுக்குப் பயன் உண்டு, ஆனால் அது ஈரத்தை உலர்த்துவதற்குத்தான். பொம்மையின் இடுக்கிலும் அடிப்பக்கத்திலும் வெயில் படாது. நவம்பரிலிருந்து பருவமழைக் காலத்தில் ஜொகூரில் நாள் முழுக்க நல்ல வெயில் கிடைக்கும் என்பதற்கும் உறுதி இல்லை.

முதல் வேலை: கழுவுவதல்ல, கழிப்பது

கழுவினால் கிருமி போகும். உடைசலும் நச்சுச் சாயமும் போகாது. ஆகவே கூடையைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டும்.

சிறிய பாகங்கள்: கழிவறைத் தாள் சுருளின் நடுவிலிருக்கும் அட்டைக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பொம்மையோ அதிலிருந்து கழன்று வரும் பாகமோ அந்தக் குழாய்க்குள் நுழைந்தால், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் அதைக் கொடுக்கக் கூடாது. ஆய்வுக்கூடங்களில் இதற்குப் பயன்படும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அட்டைக் குழாய் அதைவிடச் சற்று அகலம் என்பதால் சோதனை இன்னும் கண்டிப்பாகவே இருக்கும். கரடியின் கண், சட்டைப் பொத்தான், காரின் சக்கரம் ஆகியவற்றை இழுத்துப் பார்க்க வேண்டும். ஆடினால் வேண்டாம்.

பொத்தான் பேட்டரி: பாட்டுப் பாடும், விளக்கு எரியும் பொம்மைகளில் காசு போன்ற வட்ட பேட்டரி இருக்கும். அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். விழுங்கினால் தொண்டைக் குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போக வேண்டும். சிறு காந்தங்களும் இதே அளவு ஆபத்தானவை. ஒன்றுக்கு மேற்பட்டதை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடக்கூடும்.

சாயமும் பழைய பிளாஸ்டிக்கும்: சாயம் உரியும் பொம்மை, வெடித்து நொறுங்கும் பிளாஸ்டிக் இரண்டும் குப்பைக்குத்தான். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆண்ட்ரூ டர்னர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், வீடுகள், பாலர் நிலையங்கள், அறக்கொடைக் கடைகள் ஆகிய இடங்களில் கிடைத்த 200 பழைய பிளாஸ்டிக் பொம்மைகள் சோதிக்கப்பட்டன. பலவற்றில் ஈயம், காட்மியம் போன்ற நச்சுத் தனிமங்கள் இருந்தன. குறிப்பாக மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறப் பிளாஸ்டிக்கில் அவை கூடுதலாகத் தென்பட்டன. அம்மா சிறுவயதில் விளையாடிய பொம்மை என்று பல ஆண்டுகளாக எடுத்து வைத்திருப்பதைக் கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம். பல் முளைக்கும் குழந்தையிடம் கொடுக்க வேண்டாம்.

எம்.சி. முத்திரை: மலேசியாவில் விற்கப்படும் பொம்மைகளுக்கு 2009ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகள் உண்டு. பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்டவை எம்.சி. முத்திரை தாங்கியிருக்கும். பழைய பொம்மையில் பெட்டியும் ஒட்டுச்சீட்டும் போயிருக்கலாம். ஆனால் பொம்மையின் அடியில் முத்திரையோ தயாரிப்பாளர் பெயரோ வயது வரம்போ அச்சாகியிருந்தால் அது நல்ல அடையாளம். எதுவுமே இல்லாத, கடுமையான இரசாயன வாடை வீசும் பொம்மையைத் தவிர்ப்பது நல்லது.

கயிறு: தொட்டிலில் கட்டும் பொம்மையிலும் இழுத்துப் போகும் வண்டியிலும் நீண்ட கயிறு இருந்தால் கத்தரித்துவிட வேண்டும். கழுத்தில் சுற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு.

வரிசை மாறக்கூடாத நான்கு படிகள்

கழித்தது போக மிஞ்சியவற்றை இந்த வரிசையில் சுத்தம் செய்ய வேண்டும்.

1. கழுவுதல். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, இடுக்குகளைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்க வேண்டும். எச்சில் படிவு, பால் கறை, பிசுக்கு எல்லாம் போக வேண்டும். இந்தப் படியைத் தாண்டி நேராகக் குளோரோக்ஸுக்குப் போனால் பலன் குறையும். வெளுப்பானின் சக்தி அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும்.

2. அலசுதல். சோப்பு நுரை முழுதும் போகும்வரை ஓடும் நீரில் அலச வேண்டும்.

3. கிருமி நீக்குதல். கீழே சொல்லப்பட்ட அளவில் கலந்த வெளுப்பான் நீரில் 10 நிமிடம் முழுவதுமாக மூழ்க வைக்க வேண்டும். மிதக்கும் பொம்மையின் மேல் ஒரு தட்டை வைத்து அழுத்தலாம்.

4. மீண்டும் அலசிக் காயவைத்தல். குழாய் நீரில் நன்றாக அலசி, காற்றோட்டமான இடத்தில் முழுமையாக உலரவிட வேண்டும். ஈரத்தோடு கூடையில் போட்டு மூடினால் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும்.

கலக்கும் அளவு

கடைகளில் கிடைக்கும் சாதாரண வெளுப்பானில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5.25 விழுக்காடு இருக்கும். புட்டியிலுள்ள எண்ணைப் படித்துப் பார்க்க வேண்டும். அந்த அடர்த்திக்கான அளவு இது:

1 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி, அதாவது 4 தேக்கரண்டி.
ஒன்றரை லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, அதாவது 2 மேசைக்கரண்டி.
5 லிட்டர் வாளிக்கு 100 மில்லி.

இதனால் கிடைப்பது ஏறக்குறைய 0.1 விழுக்காட்டுக் கரைசல். இதைவிட அதிகமாகக் கலந்தால் கூடுதல் சுத்தம் வந்துவிடாது. பொம்மையின் நிறம் போகும், கையும் மூக்கும் எரியும். வண்ணத் துணிகளுக்கென விற்கும் வெளுப்பானும் வாசனைத் தரைக் கழுவியும் இதற்கு மாற்றாகாது.

தண்ணீர் குளிர்ந்ததாக இருக்க வேண்டும். சுடுநீரில் கலந்தால் வெளுப்பான் சக்தி இழக்கும், நெடியும் ஏறும். கலந்த நீரை அன்றன்றே பயன்படுத்திக் கொட்டிவிட வேண்டும். மறுநாளுக்கு வைத்திருந்தால் அதன் சக்தி குறைந்துவிடும்.

பொம்மைக்குத் தக்க முறை

கெட்டிப் பிளாஸ்டிக்: கட்டைகள், வளையங்கள், கிலுகிலுப்பை, சமையல் சாமான். மேற்கண்ட நான்கு படிகளும் அப்படியே பொருந்தும். உள்ளே தண்ணீர் புகக்கூடிய துளை இருந்தால் மூழ்க வைக்காமல் கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, 10 நிமிடம் ஈரமாகவே வைத்திருந்து, பிறகு சுத்தமான நீரில் நனைத்த துணியால் இருமுறை துடைக்கலாம்.

சிலிக்கன் கடிவளையம்: பானையில் நீர் கொதிக்கும்போது 5 நிமிடம் போட்டு எடுத்தால் போதும், வெளுப்பான் தேவையில்லை. அடிப்பாகத்தில் ஒட்டாதபடி அவ்வப்போது கிளறிவிட வேண்டும். உள்ளே நீரோ ஜெல்லோ நிரப்பிய வளையத்தைக் கொதிக்க வைக்கக் கூடாது. அதைப் பழையதாக வாங்காமல் இருப்பதே நல்லது, கண்ணுக்குத் தெரியாத கீறலில் கசியக்கூடும்.

குளியல் வாத்து: அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும் ரப்பர் வாத்தைப் பழையதாக ஏற்க வேண்டாம். சுவிட்சர்லாந்தின் ஈவாக் ஆய்வு நிலையமும் அமெரிக்க இலினோய் பல்கலைக்கழகமும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், குளியல் பொம்மைகளின் உட்சுவரில் பாக்டீரியாவும் பூஞ்சணமும் படலமாகப் படிந்திருந்தது தெரியவந்தது. பயன்படுத்திய பொம்மைகளில் ஏறக்குறைய 60 விழுக்காட்டில் பூஞ்சணம் இருந்தது. வெளியிலிருந்து எவ்வளவு கழுவினாலும் உள்ளே போய்த் தேய்க்க முடியாது. துளை இல்லாத வாத்தாக இருந்தால் கழுவிக் கொடுக்கலாம்.

துணி, பஞ்சு பொம்மை: வந்தவுடன் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். மூட்டைப்பூச்சியும் கரப்பான் முட்டையும் வீட்டுக்குள் வர இதுவே எளிய வழி. பிறகு, தாங்கக்கூடிய துணியாக இருந்தால் 60 பாகை செல்சியஸ் சுடுநீரில் இயந்திரத்தில் துவைக்கலாம். பல வீடுகளில் சலவை இயந்திரத்துக்குச் சுடுநீர் வசதி இல்லை. அப்படியானால் சுடுநீர் வசதியுள்ள சுயசேவை டோபி கடைக்கு எடுத்துப் போய்த் துவைத்து, உலர்த்தியில் அதிக வெப்பத்தில் நன்கு காயவிடலாம். அந்த வெப்பத்தில் பூச்சியும் முட்டையும் அழியும், உட்பஞ்சும் உலரும். இளைப்பு உள்ள பிள்ளையின் வீட்டில் இது மிகவும் தேவை. துவைக்க முடியாத, பேட்டரி தைத்து வைத்த பஞ்சு பொம்மையை ஏற்க வேண்டாம். எவ்வளவு சுத்தமானாலும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் பஞ்சு பொம்மை வைக்கக் கூடாது, மூச்சு அடைக்கும் ஆபத்து உண்டு.

மரப் பொம்மை: ஊறவைத்தால் உப்பி வெடிக்கும். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு கரைசல் துணி, பிறகு சுத்தமான நீர்த் துணி என்ற வரிசையில் செய்து உடனே உலர்த்த வேண்டும். கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் ஏறிய மரத்தை விட்டுவிடலாம்.

பேட்டரி பொம்மை: முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பேட்டரி பெட்டிக்குள் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அது கசிந்த காரம். வெறுங்கையால் தொடக் கூடாது. அப்படிப்பட்ட பொம்மையைத் தவிர்ப்பதே மேல். மற்றவற்றைத் துணியால் மட்டும் துடைக்க வேண்டும்.

அட்டைப் புத்தகம்: இதில் கிருமியை முழுமையாக நீக்க வழியில்லை. நோய் கண்ட வீட்டிலிருந்து வருவதாக இருந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடலாம். துணிப் புத்தகமாக இருந்தால் துவைத்துவிடலாம்.

வெள்ளத்துக்குப் பிறகு வரும் பொம்மைகள்

ஜொகூருக்கு இது புதிதல்ல. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த பெருவெள்ளத்தில் கோத்தா திங்கி, சிகாமட் உள்ளிட்ட மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினர். 2023 மார்ச்சில் பத்து பகாட், யோங் பெங், சிகாமட் பகுதிகளில் பல்லாயிரம் பேர் நிவாரண மையங்களில் தங்கினர். வெள்ளம் வடிந்ததும் இரண்டு வகைப் பொம்மைகள் வீட்டில் இருக்கும்: தண்ணீரில் மூழ்கியவை, நன்கொடையாக வந்தவை.

வெள்ள நீரில் கழிவுநீரும் எலிச் சிறுநீரும் கலந்திருக்கும். எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கிருமி, தோலிலுள்ள கீறல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உடலுக்குள் நுழையும். ஆகவே கையுறை அணிந்துதான் அவற்றைத் தொட வேண்டும். மூழ்கிய பஞ்சு பொம்மை, மரப் பொம்மை, பேட்டரி பொம்மை, அட்டைப் புத்தகம் ஆகியவற்றை மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு தூக்கிப் போட்டுவிட வேண்டும். துளையில்லாத கெட்டிப் பிளாஸ்டிக்கை மட்டும் சேறு போகக் கழுவி, நான்கு படிகளையும் செய்து காப்பாற்றலாம். நன்கொடையாக வந்தவற்றையும் பழைய பொம்மை போலவே நடத்த வேண்டும். கொடுத்தவரின் நல்ல மனத்தைச் சந்தேகிப்பதாக இதை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

சுத்தம் செய்பவரின் பாதுகாப்பு

வெளுப்பானை வினிகர், எலுமிச்சை, கழிவறைக் கழுவி, அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் எதனோடும் கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பி மூச்சுத் திணற வைக்கும். கதவும் சன்னலும் திறந்திருக்க வேண்டும், கையுறை அணிய வேண்டும், பிள்ளை பக்கத்தில் இருக்கக் கூடாது. 10 நிமிடம்தானே என்று வாளியைத் தரையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. தவழும் குழந்தை ஒரு வாளித் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தாலே உயிருக்கு ஆபத்து.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: வெளுப்பானை மினரல் வாட்டர் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி வைக்கவே கூடாது. தண்ணீர் என்று நினைத்துப் பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். அதன் சொந்தப் புட்டியிலேயே, எட்டாத உயரத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை?

வீட்டிலேயே புழங்கும் பொம்மையை ஒவ்வொரு முறையும் வெளுப்பானில் போடத் தேவையில்லை. வாயில் வைப்பவற்றைத் தினமும், மற்றவற்றை வாரம் ஒரு முறை சோப்பு நீரில் கழுவி உலர்த்தினால் போதும். புதிதாக வந்த பழைய பொம்மைக்கும், வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கோ கை, கால், வாய்ப்புண் நோயோ கண்டால் அங்குள்ள எல்லாப் பொம்மைகளுக்கும்தான் வெளுப்பான் கரைசல். நோய் கண்ட பிள்ளையின் பொம்மையைக் குணமாகும்வரை தனியே வைத்து, அணையாடை மாற்றிய பிறகு ஒவ்வொரு முறையும் பெரியவர்கள் சோப்பு போட்டுக் கைகழுவ வேண்டும். பிள்ளையைத் தாஸ்காவுக்கோ பாலர் பள்ளிக்கோ அனுப்பக் கூடாது.

நோய் கண்ட குழந்தைக்கு இரண்டு நாளுக்கு மேல் கடும் காய்ச்சல் நீடித்தாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, தூக்கத்தில் திடுக்கிட்டுத் தூக்கிப் போட்டாலோ, சோர்ந்து எழாமல் கிடந்தாலோ, நடை தள்ளாடினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். பக்கத்து ஊருக்கு நெடுந்தூரம் போக வேண்டிய தோட்டத்துக் குடும்பங்கள் விடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள் இவை.

அடுத்தவருக்குக் கொடுக்கும்போது

பிள்ளை வளர்ந்த பிறகு இதே பொம்மைகள் இன்னொரு வீட்டுக்குப் போகும். கொடுப்பதற்கு முன் உடைந்ததை எடுத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி, நான்கு படிகளில் சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்த பையில் போட்டுக் கொடுப்பது நல்ல பழக்கம். அண்மையில் வீட்டில் யாருக்காவது நோய் கண்டிருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வாங்குபவர்களும் அதைக் கேட்டு வருத்தப்படாமல், வீட்டில் மீண்டும் ஒரு முறை கழுவிய பிறகே பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும்.